ஒரே புள்ளி, நாலு பெயர்... கீபோர்டு கற்கும் பிள்ளைகள் தடுமாறுவது எங்கே?

'எப்படிங்க அது?' பகுதிக்கு இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று வாய்ஸ் மெசேஜாக வந்தது. ஓர் அம்மாவின் குரல்.

"எம் பொண்ணு ஆறாவது படிக்கிறா. ரெண்டு வருஷமா கீபோர்டு கிளாஸ் போறா. வலது கையில நல்லா வாசிக்கிறா. இப்போ இடது கைக்குப் புதுசா ஏதோ சொல்லிக் கொடுக்கிறாங்க. அதைப் பார்த்தாலே புக்கை மூடி வெச்சிடறா. 'எனக்கு மியூசிக் வராதும்மா, நிறுத்திடலாம்'ங்கிறா. நிஜமாவே நிறுத்திடலாமா?"

நிறுத்த வேண்டாம். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் இதற்கு முன்னும் சிலர் அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் தடுமாற்றம் ஒரே இடத்தில்தான்: பக்கத்தின் இடது ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் குறி. அதன் பெயர் கிளெஃப். இரண்டு வருடம் ஒரு கிளெஃபை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் திடீரென்று இன்னொன்று வரும்போது, தெரிந்ததெல்லாம் மறந்துபோனது மாதிரி இருக்கும். அந்தக் குறி எதற்கு வந்தது என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் பாதி பயம் போய்விடும். அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். பிள்ளைக்குச் சொல்லித் தர உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத்தாளும் ஸ்கேலும் பென்சிலும் போதும்.

முதலில், குழப்பம் என்ன?

மேற்கத்திய இசையை ஐந்து கோடுகளின் மேல் எழுதுவார்கள். கோட்டின் மேலும், இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் புள்ளி வைப்பார்கள். மேலே போகப் போக ஸ்வரம் உயரும். பெயர்கள் மொத்தம் ஏழு: சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. அது முடிந்ததும் மறுபடியும் சி. நம் ஸ ரி க ம ப த நி போலத்தான்.

இப்போது ஐந்து கோடுகளில் நடுக்கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். இது என்ன ஸ்வரம்?

வலது கைக்கு வரும் ட்ரெபிள் கிளெஃப் போட்டிருந்தால் அது பி. இடது கைக்கு வரும் பேஸ் கிளெஃப் போட்டிருந்தால் டி. வயோலா வாசிப்பவர்கள் படிக்கும் ஆல்ட்டோ கிளெஃப் என்றால் சி. செல்லோ வாசிப்பவர்களுக்குச் சில இடங்களில் வரும் டெனர் கிளெஃப் என்றால் ஏ. புள்ளி நகரவில்லை, கோடு மாறவில்லை. பெயர் மட்டும் நாலு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு எரிச்சல் வருவதில் ஆச்சர்யம் என்ன?

சாவி என்றுதான் அர்த்தம்

கிளெஃப் என்பது பிரெஞ்சுச் சொல். சாவி என்று அர்த்தம். கதையைத் தெரிந்துகொள்ள ஆயிரம் வருடம் பின்னால் போகவேண்டும். 11-ம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெட்ஸோ நகரத்தோடு சேர்த்து அறியப்பட்ட குய்தோ என்ற துறவி இருந்தார். அப்போது தேவாலயப் பாடல்களைப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்தார்கள். அதற்கே வருடக்கணக்கில் ஆனது. கோடுகள் போட்டு, எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று அடையாளம் வைத்துவிட்டால், கேட்காத பாட்டையும் பார்த்துப் பாடலாம் என்று காட்டியவர் அவர். எஃப் ஸ்வரத்தின் கோட்டைச் சிவப்பிலும், சி ஸ்வரத்தின் கோட்டை மஞ்சளிலும் போடும் முறையை அவர் கையாண்டார். கோட்டின் தொடக்கத்தில் எழுத்தை எழுதி வைப்பதும் வழக்கமாக இருந்தது.

அந்த எழுத்துகள்தான் எழுதி எழுதி உருமாறி இன்றைய கிளெஃப்கள் ஆயின. ட்ரெபிள் கிளெஃப் ஆங்கில 'ஜி' எழுத்து. அதன் சுழி எந்தக் கோட்டைச் சுற்றுகிறதோ, அதாவது கீழிருந்து இரண்டாவது கோடு, அதுதான் ஜி. பேஸ் கிளெஃப் 'எஃப்' எழுத்து. அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் போகும் கோடு, அதாவது மேலிருந்து இரண்டாவது கோடு, எஃப். ஆல்ட்டோவும் டெனரும் ஒரே உருவம்தான், 'சி' எழுத்து. அதன் இடுப்பு எந்தக் கோட்டில் இருக்கிறதோ அது சி. நடுக்கோட்டில் இருந்தால் ஆல்ட்டோ, ஒரு கோடு மேலே இருந்தால் டெனர்.

ஆக, ஒரு கிளெஃப் சொல்வது ஒரே ஒரு சேதி: 'இந்தக் கோடு இந்த ஸ்வரம்.' மற்றதை அங்கிருந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்றே போதாதா?

பியானோவில் வெள்ளைக் கட்டைகள் மட்டும் 52. ஐந்து கோடுகளிலும் நாலு இடைவெளிகளிலும் ஒன்பது ஸ்வரங்கள்தான் அடங்கும். அடியில் ஒன்று, தலையில் ஒன்று ஒட்டினாலும் பதினொன்று. 52-ல் எந்தப் பதினொன்று என்று யாராவது சொல்ல வேண்டாமா?

வெளியே போகும் ஸ்வரங்களுக்கு லெட்ஜர் லைன் என்று குட்டிக் கோடு போட்டு எழுதலாம். ஆனால் அதற்கும் அளவு உண்டு. பியானோவின் நடுவில் இருக்கும் 'மிடில் சி'யிலிருந்து இரண்டு ஆக்டேவ் கீழே இருக்கும் சி ஸ்வரத்தை ட்ரெபிள் கிளெஃபில் எழுதினால் எட்டுக் குட்டிக் கோடுகள் வேண்டும். அவற்றை எண்ணி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். அதே ஸ்வரத்துக்குப் பேஸ் கிளெஃபில் இரண்டே குட்டிக் கோடுகள்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டை என்று சுருதி வைத்துக்கொள்கிறோம். தாளில் எழுதிய 'ஸ' இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அது எவ்வளவு உயரத்தில் ஒலிக்கும் என்பதைச் சுருதிப்பெட்டி சொல்லும். தாளில் இருக்கும் புள்ளிக்குக் கிளெஃபும் அப்படித்தான் உயரத்தைச் சொல்கிறது. ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். கட்டையை மாற்றினால் பாட்டே மேலே கீழே போகும். கிளெஃபை மாற்றி எழுதினால் பாட்டு அதே இடத்தில்தான் ஒலிக்கும், எழுதும் இடம் மட்டும் வசதியாக மாறும்.

பதினொரு கோடு போடுங்கள்

இப்போது அந்த வெள்ளைத்தாளை எடுங்கள். ஒரே இடைவெளியில் பதினொரு கோடுகள் போடுங்கள். கீழிருந்து ஒன்று, இரண்டு என்று எண் கொடுங்கள். நட்டநடுவில் வரும் ஆறாவது கோட்டைச் சிவப்புப் பேனாவால் போடுங்கள். அதுதான் மிடில் சி.

மேலே இருக்கும் ஐந்து கோடுகள் (7 முதல் 11) ட்ரெபிள் கிளெஃப். கீழே இருக்கும் ஐந்து கோடுகள் (1 முதல் 5) பேஸ் கிளெஃப். சிவப்புக் கோட்டை நடுவில் வைத்து, மேலே இரண்டு, கீழே இரண்டு எடுத்தால் (4 முதல் 8) ஆல்ட்டோ. ஒரு கோடு கீழே இறக்கி 3 முதல் 7 வரை எடுத்தால் டெனர்.

இவ்வளவுதான். நாலு கிளெஃப் என்பது நாலு தனி மொழி கிடையாது. ஒரே ஏணியில் எந்த ஐந்து படிகளை வெட்டி எடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். ட்ரெபிளிலும் பேஸிலும் சிவப்புக் கோடு வெட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அதனால்தான் மிடில் சி ட்ரெபிளுக்குக் கீழே ஒரு குட்டிக் கோட்டிலும், பேஸுக்கு மேலே ஒரு குட்டிக் கோட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஸ்வரம், கீபோர்டில் ஒரே கட்டை. கீபோர்டு கற்கும் பிள்ளைகளிடம் 'இந்த ரெண்டையும் வாசிச்சுக் காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே கட்டையில் விரல் போனால் அடித்தளம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் இந்த ஏணியை இன்னும் பல விதமாக வெட்டினார்கள். பாக் 1723-ல் தன் கையால் படியெடுத்து வைத்த 'இன்வென்ஷன்ஸ்', கற்பவர்களுக்காக எழுதிய பாடங்கள். அதில் வலது கைக்கு ட்ரெபிள் கிளெஃப் கிடையாது. சி கிளெஃபைக் கடைசிக் கோட்டில் வைத்து எழுதியிருக்கிறார். இன்று அச்சில் வரும் புத்தகங்களில் அதை ட்ரெபிளுக்கு மாற்றித்தான் போடுகிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நம் பிள்ளைகளுக்குச் சுமை குறைவுதான்.

யாருக்கு எது?

வயலின், புல்லாங்குழல், ட்ரம்பெட் எல்லாம் ட்ரெபிள். கிட்டாரும் ட்ரெபிள்தான், ஆனால் எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும். பியானோவுக்கு ட்ரெபிளும் பேஸும். வயோலாவுக்கு ஆல்ட்டோ. செல்லோ, ட்ராம்போன், பஸூன் மூன்றுக்கும் பெரும்பாலும் பேஸ், உயரே போகும்போது டெனர்.

தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நாலு குரல் பாட்டுப் புத்தகத்தில் சோப்ரானோவும் ஆல்ட்டோவும் மேலே ட்ரெபிளில் இருக்கும். டெனரும் பேஸும் கீழே பேஸ் கிளெஃபில் இருக்கும். 'ஆல்ட்டோ பாடுபவர்' ஆல்ட்டோ கிளெஃப் படிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் ஒன்று, வேலை வேறு.

2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தது நினைவிருக்கும். ஒரு சிம்பொனியின் ஸ்கோர் பக்கத்தைத் திறந்தால் வயலினுக்கு ட்ரெபிள், வயோலாவுக்கு ஆல்ட்டோ, செல்லோவுக்குப் பேஸ் என்று ஒரே பக்கத்தில் மூன்றும் அடுக்கி இருக்கும். எழுதுபவர் அத்தனையையும் ஒரே பார்வையில் படிக்க வேண்டும்.

இந்த ஐந்து கோடு நமக்குப் புதிதும் இல்லை. 1890-களிலேயே சென்னையில் ஏ.எம்.சின்னசாமி முதலியார் கர்னாடக இசைப் பாடல்களை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி வெளியிட்டிருக்கிறார்.

குறுக்குவழி எங்கே கைவிடும்?

பல பிள்ளைகள் தாங்களாகவே ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். 'பேஸ் கிளெஃபை ட்ரெபிள் மாதிரியே படி, அப்புறம் ரெண்டு எழுத்து தள்ளிக்கோ.' கீழ்க்கோடு ட்ரெபிளில் இ. இரண்டு தள்ளினால் ஜி. சரியாகத்தான் வரும். வீட்டுப்பாடத்தில் பெயர் எழுத இது போதும்.

இரண்டு கையும் சேரும்போதுதான் சிக்கல். வலது கை நேராகப் படிக்கிறது, இடது கை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கணக்குப் போடுகிறது. தாளம் காத்திருக்காது. பிள்ளை நிற்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது, மறுபடி நிற்கிறது. பக்கத்து அறையில் கேட்பவர்களுக்கு 'பிராக்டிஸ் பத்தலை' என்று தோன்றும். பிள்ளைக்கு 'எனக்கு வராது' என்று தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளை இசையோடு சேர்த்து மனக்கணக்கும் போட்டுக்கொண்டிருக்கிறது.

நாளைக்கு வயோலாவோ செல்லோவோ எடுத்தால் கணக்கே மாறும். ஆல்ட்டோவுக்கு ஒரு எழுத்து மேலே தள்ளவேண்டும், டெனருக்கு ஒரு எழுத்து கீழே. அதோடு ஆக்டேவையும் இறக்கவேண்டும்.

இன்னொரு பழக்கம், ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பென்சிலால் எழுத்து எழுதி வைப்பது. அப்போது கண் எழுத்தைத்தான் படிக்கும், புள்ளியைப் பார்க்காது. பக்கம் பக்கமாக வாசித்தாலும் கிளெஃப் பழகாது.

வீட்டில் செய்யக்கூடிய ஐந்து விஷயங்கள்

1. ஐந்து அடையாளங்கள் மட்டும். எல்லாக் கோட்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். மிடில் சி, ட்ரெபிளின் ஜி, பேஸின் எஃப் மூன்றும் முதலில். பிறகு ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாவது இடைவெளியில் இருக்கும் சி, பேஸில் மேலிருந்து மூன்றாவது இடைவெளியில் இருக்கும் சி. பதினொரு கோடு போட்ட தாளில் இந்த ஐந்தையும் குறித்து, சிவப்புக் கோட்டில் தாளை மடித்துப் பாருங்கள். ஜி எஃபின் மேல் விழும், சி சியின் மேல் விழும். கண்ணாடி பிம்பம்! இதைப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது.

2. பெயரைவிடத் தூரத்தைப் படிக்கப் பழக்குங்கள். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஒரு படி. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒன்றைத் தாண்டிக் குதிக்கிறோம். சரளி வரிசை படிப்படியாகப் போகும், தாட்டு வரிசை தாண்டித் தாண்டிப் போகும் இல்லையா? அதேதான். இந்தத் தூரம் எந்தக் கிளெஃபிலும் மாறாது. முதல் புள்ளியின் பெயரை அடையாளத்திலிருந்து கண்டுபிடி, மற்றதைத் தூரத்தால் படி. வேகமாகப் படிப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

3. இடது கைக்குத் தெரிந்த பாட்டு கொடுங்கள். புதுப் பாட்டு, புதுக் கிளெஃப், பழகாத கை என்று மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் யாருக்கும் கஷ்டம்தான். சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளிலேயே ஸ ரி க ம ப த நி ஸ வாசித்தால் அது சங்கராபரணம். அதைப் பேஸ் கிளெஃபில் கீழ் சி-யிலிருந்து பிள்ளையின் கையாலேயே எழுதவைத்து, பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து, வலது கையில் ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னப் பாட்டை ஓர் ஆக்டேவ் கீழே எழுதலாம். காது முன்பே கேட்டிருப்பதால் தப்பு வந்தால் தானாகத் தெரியும். எழுதும் கை சீக்கிரம் படிக்கும்.

4. தினம் ஐந்து நிமிடம், தினம் புதுசு. ஒரே பக்கத்தைப் பத்து நாள் வாசித்தால் விரலுக்கு மனப்பாடம் ஆகிவிடும், கண் படிப்பதை நிறுத்திவிடும். வாசிப்புக்கு மட்டும் மிக எளிதான புது வரி தினமும் ஒன்று வேண்டும். மெதுவாக, ஆனால் நிற்காமல் வாசிக்கவேண்டும். போனில் ஸ்வரப் பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆப்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது விளையாடட்டும். ஆனால் பெயர் தெரிவதோடு விரல் சரியான கட்டைக்குப் போகவும் வேண்டும். அதற்குக் கீபோர்டு முன்னால் உட்காரத்தான் வேண்டும்.

5. பென்சில் எழுத்துகளை அழியுங்கள். ஒரே நாளில் வேண்டாம். முதல் வாரம் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் பெரிய தாவல் வரும் இடங்களும் மட்டும் இருக்கட்டும். அப்புறம் அவற்றையும் எடுத்துவிடலாம்.

வயலினிலிருந்து வயோலா, செல்லோ போகிறவர்களுக்கு

வயலின் தெரிந்தவர் வயோலா எடுத்தால் விரல் பெரும்பாலும் அதே வேலை செய்யும், கண்தான் தடுமாறும். 'நடுக்கோடு சி' என்பதை ஒட்டிவைத்துக்கொண்டு அங்கிருந்து தூரத்தால் படியுங்கள். வயோலாவுக்கு ஏன் இந்தக் கிளெஃப் என்றால், அதன் கனத்த தந்தி மிடில் சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே இருக்கிறது. ட்ரெபிளில் எழுதினால் நாலு குட்டிக் கோட்டுக்குக் கீழே தொங்கும். ஆல்ட்டோவில் ஒரே குட்டிக் கோட்டோடு முடிந்துவிடும்.

செல்லோ கற்பவர்களுக்கு ஓர் அழகான வசதி இருக்கிறது. டெனர் கிளெஃப் பேஸ் கிளெஃபைவிட ஐந்தாவது ஸ்வரம் மேலே, நம் கணக்கில் ஸ-விலிருந்து ப. செல்லோவின் தந்திகளும் அடுத்தடுத்து அதே ஸ-ப தூரத்தில்தான் சுருதி சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் டெனர் கிளெஃப் வந்தால், பேஸ் கிளெஃபில் படிப்பதுபோலவே விரலை வைத்து, ஒரு தந்தி மட்டும் மேலே மாறினால் ஸ்வரம் சரியாக இருக்கும். தொடங்கும்போது இது நல்ல ஊன்றுகோல்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை

அடுத்த கிளாஸுக்குப் போகும்போது ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 'இடது கைக்கு மட்டும் தனியா, சுலபமான பாடம் கொஞ்ச நாள் கொடுக்க முடியுமா?' 'கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் புதுசா ஒரு வரி பார்த்து வாசிக்க வைக்க முடியுமா?' கிரேடு தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். முன்பின் பார்க்காத வரியைப் பார்த்த உடனே வாசிக்கும் சோதனை அந்தத் தேர்வுகளில் இருக்கிறது.

இன்னொன்று. வலது கை ஓடுகிற வேகத்தோடு இடது கையை ஒப்பிடாதீர்கள். வலது கைக்கு இரண்டு வருடம் கிடைத்திருக்கிறது. இடது கைக்கு இப்போதுதான் முதல் வாரம். முதல் கிளெஃபுக்கு எழுத்து, தாளம், விரல், உட்காரும் விதம் எல்லாம் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். இப்போது புதிதாக வந்திருப்பது, ஏணியில் எந்த ஐந்து படிகள் என்ற ஒரு சேதி மட்டும்தான். அவளுக்குப் பதினொரு கோடு போட்டுக் காட்டுங்கள். சிவப்புப் பேனாவை அவள் கையிலேயே கொடுங்கள்.

(உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு 'எப்படிங்க அது?' இருக்கிறதா? எழுதியோ, வாய்ஸ் மெசேஜாகவோ அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு சந்திப்போம்.)